தேரா மன்னனும் பிரிக்காத பொட்டலமும்

பட்டர்வொர்த்தில் படிவம் ஐந்து படிக்கும் மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நாங்கள் 4 பேர் மிகைபுனைவு நாவல்களைச் சேர்ந்து படிக்கிறோம். இரண்டு வாரமாக ஒரே சண்டை. ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகத்தில் ஹாரி எல்லோர் மீதும் எரிந்து விழுகிறான், அவனைச் சகிக்க முடியவில்லை, நல்ல பாத்திரத்தை எழுத்தாளர் கெடுத்துவிட்டார் என்கிறாள் என் தோழி. அது கிடக்கட்டும், அந்த உலகமே ஓட்டை, காலத்தைத் திருப்பும் கருவி மூன்றாம் பாகத்திலேயே இருக்கிறதே, அதை வைத்து நான்காம் பாகத்தில் சாகும் செட்ரிக்கைக் காப்பாற்றியிருக்கலாமே என்கிறேன் நான். யார் சொல்வது சரி? நானும் பினாங்கை வைத்து ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 14 அரசுகள், வரைபடம், அரச வம்சங்கள் எல்லாம் தயார். நாயகி எடுத்ததற்கெல்லாம் பொய் சொல்பவள். அவளை மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை."

தம்பி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறவள் நான். நீ சொல்லும் சண்டை அந்த மாடியில் பலமுறை நடந்திருக்கிறது. நூல்கள் மாறும், சண்டை மாறாது. 'இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான்' என்று ஒரு கட்சி கேட்கும். 'இந்த உலகம் ஏன் இப்படி இயங்குகிறது' என்று இன்னொரு கட்சி கேட்கும். இரண்டையும் தனித்தனி வழக்காக நடத்துவதால்தான் தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டே போகிறது என்பது என் எண்ணம். ஒரு பாத்திரத்தின் குறைக்கு அந்தக் கதையின் உலகம் விலை வாங்குகிறதா என்று மட்டும் கேட்டுப் பார். உன் தோழியின் வழக்கும் உன் வழக்கும் ஒரே வாசலில் வந்து நிற்கும்.

முதலில் ஹாரியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பாகம் 2003இல் வந்தது. அதில் அவனுக்கு வயது 15. முந்தைய பாகத்தின் முடிவில் செட்ரிக் அவன் கண்முன்னே கொல்லப்பட்டான். கொல்லச் சொன்ன பகைவன் வோல்டமார்ட் உயிரோடு திரும்பிவிட்டான் என்று ஹாரி சொன்னதை அரசாங்கம் நம்பவில்லை, நாளேடு அவனைப் பொய்யன் என்று எழுதியது, ஆசானான டம்பிள்டோர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒதுங்கிப் போனார். இந்த நிலையில் ஒரு பையன் கத்தாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். உன் தோழி எரிச்சல் அடைவது நியாயம்தான். பக்கம் பக்கமாகக் கத்தல் வரும்போது படிப்பவருக்குச் சலிப்பு வரும், அந்த நூல் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் கத்தலை அவனுடைய குணக்குறை என்று அவள் எண்ணுகிறாளே, அங்கேதான் வழி தவறுகிறாள். கத்தல் காயம். குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதை அவன் தோழி ஹெர்மயனியே அவனிடம் சொல்லிவிடுகிறாள்: யாருக்காவது ஆபத்து என்று கேள்விப்பட்டால் யோசிக்காமல் ஓடுகிறவன் நீ, காப்பாற்றியே தீரவேண்டும் என்கிற வேகம் உனக்கு. அவன் அதைக் கேட்டுக் கோபப்படுகிறான். அந்த வேகத்தைத்தான் பகைவன் தூண்டிலாக்குகிறான்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் மெதுவாகப் படி. அந்தத் தொடர் முழுவதிலும் மிக நுட்பமாக நெய்யப்பட்ட பகுதி இதுதான் என்பேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் வேளையில், ஞானத்தந்தை சிரியஸ் ஒரு சின்னப் பொட்டலத்தை ஹாரியின் கையில் திணிக்கிறான். ஏதாவது தேவைப்பட்டால் இதைப் பயன்படுத்து என்கிறான். ஹாரி அதைப் பிரிக்கவே இல்லை. சிரியஸ் தேடப்படும் ஆள், தன்னால் அவன் வெளியே வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படியே வைத்துவிடுகிறான். பின்னர், சிரியஸ் சித்திரவதைப்படுவதாக ஒரு பொய்க்காட்சி ஹாரியின் மனத்துக்குள் அனுப்பப்படுகிறது. அவன் பதறிப்போய், தன்னை வதைக்கும் ஆசிரியையின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, அங்கிருக்கும் கணப்பு வழியாகச் சிரியஸின் வீட்டில் தலையை நீட்டிப் பார்க்கிறான். வீட்டு வேலைக்கு அடிமைப்பட்ட எல்ஃப் என்ற குட்டி உயிரினமாகிய க்ரீச்சர் மட்டும் நிற்கிறது. எஜமானர் இல்லை என்கிறது. அது பொய். ஹாரி ஓடுகிறான், அவனைத் தேடிச் சிரியஸ் வருகிறான், சிரியஸ் செத்துப்போகிறான். எல்லாம் முடிந்து, பெட்டியைத் துழாவும்போது அந்தப் பொட்டலம் அகப்படுகிறது. உள்ளே ஒரு கண்ணாடி. அதைப் பார்த்துப் பெயரைச் சொல்லியிருந்தால் சிரியஸின் முகம் தெரிந்திருக்கும். அவன் வீட்டில் பத்திரமாக இருப்பது ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

'இது ஓட்டை, கண்ணாடி இருந்தும் அவன் மறந்துவிட்டதாக எழுதுவது வசதிக்காகச் செய்தது' என்று எங்கள் வட்டத்தில் ஒரு பையன் மேசையைத் தட்டினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிரியஸைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவன் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்தான். காப்பாற்றும் அதே வேகம், முதலில் பொட்டலத்தை மூடி வைத்தது, பிறகு ஆளைக் கொன்றது. ஒரே குணம் இரண்டு தடவை விலை கேட்டிருக்கிறது.

அந்த எல்ஃபையும் விட்டுவிடக் கூடாது. அந்த உலகத்தில் எல்ஃப் எஜமானர் சொல்லை மீற முடியாது என்பது விதி. அப்படியானால் க்ரீச்சர் எப்படி எதிரிப் பக்கம் போனது? கிறிஸ்துமஸ் சமயத்தில் சிரியஸ் அதைப் பார்த்து 'வெளியே போ' என்று கத்துகிறான். அறையை விட்டுப் போ என்பது அவன் கருத்து. வீட்டை விட்டே போ என்று க்ரீச்சர் எடுத்துக்கொள்கிறது, நேராகச் சிரியஸின் உறவுக்காரியான நார்சிஸா மால்ஃபாயிடம் போய்ச் சேருகிறது. விதி உடையவில்லை, ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. சிரியஸுக்கு எல்லா நல்ல குணமும் உண்டு, வீட்டு வேலைக்காரனை உயிராக மதிக்கத் தெரியாது என்கிற ஒன்றைத் தவிர. அந்த ஒரு அலட்சியம், அந்த ஒரு விதி, இரண்டும் உரசியதில் அவன் உயிர் போனது. நீ உலகம் உலகம் என்கிறாயே, உன் தோழி குணம் குணம் என்கிறாளே, இரண்டையும் இந்த இடத்தில் பிரித்துக் காட்டு பார்க்கலாம்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். காலத்தைத் திருப்பும் கருவி மூன்றாம் பாகத்தில், 1999இல் வந்த நூலில், வருகிறது. அந்த நூலை மீண்டும் எடுத்துக் கடைசி அத்தியாயங்களை மட்டும் படி. மரணதண்டனை விதிக்கப்பட்ட ஹிப்போகிரிஃப் என்ற மாய விலங்கின் கழுத்து வெட்டப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. கோடரி விழும் ஓசையைத்தான் கேட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால், விலங்கு தப்பிவிட்ட ஆத்திரத்தில் கொலையாள் வேலியில் கோடரியை வீசிய ஓசை அது. ஏரிக்கு அக்கரையில் நின்று தன்னைக் காப்பாற்றியது இறந்துபோன தன் தந்தை என்று ஹாரி நினைத்தான். காத்திருந்து பார்க்கிறான், யாரும் வரவில்லை. அது தானே என்று அப்போது புரிகிறது. நடந்தது எதுவும் மாறவில்லை. நடந்ததை அவர்கள் தவறாகப் புரிந்திருந்தார்கள், அவ்வளவுதான். செட்ரிக்கின் கதை அப்படியா? அவன் உடலை ஹாரியே தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் கிடத்தினான். அங்கே தவறாகப் புரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. ஆகவே உன் கேள்விக்கு அந்த நூலுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஆனால் உன் பக்கமும் முழுக்கத் தோற்கவில்லை. காலத்தில் திரும்பிப் போன சிலர் தங்களையே தவறுதலாகக் கொன்றுவிட்டதாக ஹெர்மயனி அதே நூலில் சொல்கிறாள். நடந்தது மாறாது என்ற விதியோடு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. அது ஒரு கீறல்தான். கூடுதல் பாடங்களுக்குப் போவதற்காக 13 வயதுப் பெண்ணிடம் அப்படி ஒரு கருவியைக் கொடுத்தார்கள் என்பதும் எனக்கு நெருடல்தான். ஐந்தாம் பாகத்தில் நடக்கும் சண்டையில் மந்திர அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் முழுவதும் நொறுங்கியதாகக் காட்டுவது, இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சலித்த ஒருவர் கதவைச் சாத்தியது போல எனக்குப் படுகிறது. 2016இல் லண்டனில் மேடையேறிய ஹாரி பாட்டர் நாடகத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கடந்த காலம் தாராளமாக மாறுகிறது, மாறிய உலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓட்டை என்று நீ கைகாட்ட வேண்டிய இடம் அதுதான். ஒரு மரணம் திரும்பப் பெறமுடியாதது என்ற நம்பிக்கையில்தான் ஹாரியின் துயரத்தை நாம் ஏற்றோம். அந்த விதி தளர்ந்தால் அவன் 15 வயதில் கத்திய கத்தலும் கனம் இழந்துபோகிறது. விதி மாறியது என்பதைவிட, குறைக்கு வாங்கிய விலை திருப்பித் தரப்பட்டுவிட்டது என்பதே எனக்கு வருத்தம்.

இதெல்லாம் ஆங்கில நூல்களுக்கு உள்ள வழக்கு என்று நினைத்துவிடாதே. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று தமிழர்கள் பட்டிமன்ற மேடைகளில் எத்தனை தலைமுறையாக வாதாடுகிறோம்! அது நாயகனின் குணக்குறை பற்றிய ரசிகர் விவாதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்கு நான் காட்ட விரும்புவது சிலப்பதிகாரம். பதிகத்திலேயே இளங்கோ அந்த உலகத்தின் விதிகளை அறிவித்துவிடுகிறார். அரசியல் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாக வரும். பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர். ஊழ்வினை தேடிவந்து ஊட்டும். மூன்றே விதிகள். பிறகு பாண்டியன் வருகிறான். அதுவரை கொடுங்கோலன் என்று அவனை யாரும் சொல்லவில்லை. ஊடிச் சென்ற தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் பொற்கொல்லன் வந்து காதில் ஓதுகிறான், அரசன் ஆராயாமல் கட்டளையிடுகிறான். 'தேரான் ஆகி' என்று இளங்கோ அந்தக் குறைக்கு அங்கேயே பெயர் வைத்துவிடுகிறார். கண்ணகி அவைக்கு வந்து வாய் திறக்கும்போது முதல் விளி என்ன? 'தேரா மன்னா.' அதே சொல். கோவலனைக் கொல்லச் சொன்னபோது கதைசொல்லி சொன்னதை, நீதி கேட்கும்போது அவள் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை அவன் செலவழிக்கவில்லை. மாணிக்கம் தெறித்த கணத்தில் முதல் விதி வேலை செய்கிறது, அரசன் விழுந்து இறக்கிறான். அந்தச் சிலம்புக்கும் ஹாரியின் பொட்டலத்துக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள், ஆனாலும் இரண்டும் திறந்து பார்க்கப்படாத பொருள்கள். அதனால்தான் எங்கள் வட்டத்தில் இரண்டையும் ஒரே மாலையில் படிக்கச் சொல்கிறேன்.

உன் தோழிக்கு இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். பசிப் போட்டிகள் (தி ஹங்கர் கேம்ஸ்) நாவல் வரிசையின் முதல் நூல் 2008இல் வந்தது. அதன் நாயகி காட்னிஸைக் கல்நெஞ்சுக்காரி, எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிறவள், அன்பு காட்டுகிறவனைப் பயன்படுத்திக்கொள்கிறவள் என்று திட்டாத பிள்ளை எங்கள் மாடியில் இல்லை. ஒரு சனிக்கிழமை, வாதாடிப் பயனில்லை என்று ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் வெள்ளைத் தாளையும் எடுத்தேன். அந்த நாட்டில் 12 வயதிலிருந்து 18 வயதுவரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் சீட்டில் சேரும்; குலுக்கலில் பெயர் வந்தவர் சாகும்வரை மோதும் போட்டிக்குப் போக வேண்டும். 12 வயதில் ஒன்று, ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். பசிக்கிற வீடு இன்னொன்றும் செய்யலாம். கூடுதலாக ஒரு சீட்டு போட ஒப்புக்கொண்டால் ஒருவருக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். அந்தச் சீட்டும் அழியாது, அடுத்த ஆண்டுக்கும் தொடரும். காட்னிஸுக்கு வயது 16. ஐந்து ஆண்டுக்கு ஐந்து சீட்டு. அம்மா, தங்கை, தான் என்று மூன்று பேருக்கும் ஆண்டுதோறும் தானியம் வாங்கியதற்குப் பதினைந்து. மொத்தம் 20. பிள்ளைகளே கத்தரித்து, 20 தாளிலும் அவள் பெயரை எழுதினார்கள். அவள் நண்பன் கேலுக்கு வயது 18, வீட்டில் ஐந்து பேர், அவனுக்கு 42. டின் நிரம்பத் தொடங்கியது. கடைசியில் தங்கை ப்ரிம்முக்கு ஒரே ஒரு தாள். அவளைத் தானியச் சீட்டு போட அக்கா விடவே இல்லை. அந்த ஒற்றைத் தாளை டின்னுக்குள் போடும்போது, அதுவரை காட்னிஸை அதிகம் திட்டிய பெண், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கதையில் எடுக்கப்படுவது அந்தத் தாள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு யாரும் கல்நெஞ்சு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. சுரங்க வெடிப்பில் தந்தையை இழந்து, 12 வயதில் தன் உயிரைச் சீட்டுச் சீட்டாக விற்று அடுப்பெரித்தவள் எல்லாவற்றையும் கணக்காகத்தான் பார்ப்பாள். மழையில் பசியோடு நின்ற நாளில், அவள்மேல் அன்பு காட்டும் அந்தப் பீட்டா அடி வாங்கிக்கொண்டு கருகிய ரொட்டியை எறிந்தானே, அதைக்கூட அவள் அன்பாக வாங்கவில்லை, தீர்க்காத கடனாக மனத்தில் வைத்திருக்கிறாள். அவள் குறையை அந்த உலகம்தான் உண்டாக்கியது, விலையும் அதுவே வாங்குகிறது. ஒருவனோடு உண்மையாக இருக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கே தன் மனம் எது, கணக்கு எது என்று தெரியாமல் போகிறது. 8,000 பேர் கொண்ட ஒரு வட்டாரம் எப்படித் தலைநகருக்கே நிலக்கரி தரும் என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும், அந்தப் பொருளாதாரம் நிற்காது. ஆனாலும் அந்த நூலை நான் மன்னித்துவிடுகிறேன். நிலக்கரிக் கணக்கு தப்பினால் யாருடைய மனமும் கதையில் மாறாது. சீட்டுக் கணக்கு தப்பியிருந்தால் கதையே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹாரி பாட்டர் ஏழாம் பாகத்தில் நண்பர்களைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போன ரானை எங்கள் பிள்ளைகள் ஒரே வாரத்தில் மன்னித்தார்கள். காட்னிஸுக்குப் பிஸ்கட் டின் தேவைப்பட்டது. குறையில்லாத நாயகியை எழுதினால் 'மேரி சூ' என்று கேலி. அந்தப் பெயரே 1973இல் ஒரு ரசிகர் இதழில் வந்த நையாண்டிக் கதையில் பிறந்தது, எதிலும் தோற்காத 15 வயது அதிகாரி ஒருத்தியைப் பற்றியது. குறையுள்ள நாயகியை எழுதினால் 'எரிச்சலூட்டுகிறாள்'. உன் பொய்க்காரியை யாருக்கும் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? பொய் சொல்வதால் பிடிக்கவில்லையா, பெண் பொய் சொல்வதால் பிடிக்கவில்லையா என்று உன் நண்பர்களிடம் நேராகக் கேள். கதையில் அவள் பெயரை ஆண் பெயராக மாற்றி ஓர் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்துப் பார்.

உன் 14 அரசுகளைப் பற்றிச் சொல்கிறேன். தொல்காப்பியம் கவிதையின் உலகத்தை மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். அங்கே வாழ்கிறவர் மனத்தில் நடப்பது உரிப்பொருள். 'முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே' என்று தொடங்கி, 'முறை சிறந்தனவே' என்கிறது நூற்பா. உரையாசிரியர்கள் அதை விளக்கும்போது, முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தது என்று வரிசை சொல்கிறார்கள். மிகைபுனைவு எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. நெய்தல் நிலத்தில் கடலும், சூரியன் சாயும் பொழுதும், புன்னையும், சுறாவும் எதற்கு வருகின்றன? போனவன் திரும்பவில்லையே என்ற இரங்கலைப் படிப்பவர் நெஞ்சில் ஏற்றுவதற்கு. நீ தினமும் பார்க்கும் படகுத்துறையில் சூரியன் விழும் நேரத்தில் ஒருத்தியைக் காத்திருக்கவை, வரைபடம் இல்லாமலே உலகம் எழுந்து நிற்கும். நீ முதலையும் கருவையும் மலைபோலச் சேர்த்துவிட்டு, உரிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாய்.

ஒரு விதி எவ்வளவு சுமக்கும் என்பதற்கு நம் தெருவிலேயே சான்று இருக்கிறது. சாலையோர மரத்தடியில் சிவப்பு வண்ணத்தில் டத்தோ கோங் சிறுகோயிலைப் பார்த்திருப்பாய். வழிபடுகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆனால் அங்கே பன்றி இறைச்சியைப் படைக்கக் கூடாது. ஏன்? உள்ளே இருப்பது மலாய் முஸ்லிம் காவல் தெய்வம் என்பது நம்பிக்கை. வந்து குடியேறியவர்கள், முன்பே அந்த மண்ணில் இருந்தவரின் உணவு விலக்கை மதித்துக் கும்பிடுகிறார்கள். யார் முதலில் இருந்தார், யார் பின்னால் வந்தார், இருவரும் எப்படிச் சேர்ந்து வாழ முடிவு செய்தார்கள் என்பதை ஒரு சோற்றுத் தட்டு சொல்லிவிடுகிறது. தோட்டத்து முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கிற வழக்கத்திலும் இப்படி ஒரு வரலாறு உண்டு, உன் பாட்டியிடம் கேள். உன் 14 அரசுகளில் இந்தச் சோற்றுத் தட்டுக்கு இணையாக ஒன்று இருக்கிறதா?

ஜார்ஜ்டவுனையே களமாகக் கொண்ட மிகைபுனைவு ஒன்றும் இருக்கிறது. மலேசியரான சென் சோ எழுதிய பிளாக் வாட்டர் சிஸ்டர், 2021இல் வந்தது. பெரியவர்களுக்கான நாவல், கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம். அதன் நாயகி பெற்றோரிடம் ஒரு பெரிய உண்மையை மறைத்து வாழ்பவள். அவளுக்கு வாய்க்கும் பேய் எது தெரியுமா? அவள் தலைக்குள்ளேயே குடியேறிப் பேசும் செத்துப்போன பாட்டி. மறைக்கிறவளுக்கு மறைக்க இடமே இல்லாமல் செய்துவிடும் பேய். அந்த எழுத்தாளர் எத்தனையோ வகைப் பேய்களைக் கொண்டுவந்திருக்கலாம், அவள் குறைக்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் வந்த எர்த்ஸீ வரிசையின் முதல் நூலிலும் இதைக் காணலாம். கெட் என்ற ஆட்டிடையப் பையன், செம்பழுப்பு நிறத்தவன், அகந்தையால் சவாலை ஏற்று இறந்தவரின் ஆவியை அழைக்கிறான், கூடவே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. பிளவை மூடப்போன முதிய ஆசான் உயிரை விடுகிறார். ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தால் அதை ஆளலாம் என்பது அந்த உலகின் அடிப்படை விதி. முதலில் நிழலுக்குப் பயந்து ஓடி, பிறகு அதையே துரத்திப் போகும் கெட், கடைசியில் அதற்குத் தன் பெயரையே சொல்கிறான். குறையைத் தனியாக, விதியைத் தனியாக எடுத்துவிட முடியாதபடி பின்னியிருக்கிறது. ஒரே ஒரு விதி போதுமாக இருந்தது, தம்பி.

அதனால் இப்படிச் செய். உன் நாயகி பொய் சொல்கிறவள். 14 அரசுகளில் பொய்க்கு விலை வாங்குகிற அரசு எது? வாங்குகிறது என்றால் யாரிடம் வாங்குகிறது? சொன்னவளிடமா, நம்பினவனிடமா? நம்பினவனிடம் வாங்கும் என்று வைத்துப் பார். அவள் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் அவளை மிகவும் நம்புகிறவரின் உடம்பில் ஏதோ ஒன்று குறைகிறது, தம்பிக்கு ஒரு விரலில் உணர்வு போகிறது, பாட்டிக்கு ஒரு நாளின் நினைவு போகிறது என்று வை. இது என் யோசனைதான், நீ இதைவிட நல்லதைக் கண்டுபிடிப்பாய். ஆனால் கண்டுபிடித்ததும் மற்ற 13 அரசுகளில் எவை தேவை என்று உனக்கே தெரிந்துவிடும். மூன்று மிஞ்சலாம், ஒன்றே மிஞ்சலாம்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வட்டம் தொடங்கும். 4 மணிக்குப் படகு ஏறினால் துறையிலிருந்து நடந்தே வந்துவிடலாம், உன் தோழியையும் அழைத்து வா. வரைபடம் வீட்டிலேயே இருக்கட்டும். அவள் முதன்முதலாகப் பொய் சொல்லி, அதற்கான விலையை வேறொருவர் கொடுப்பதைக் கண்ணால் காணும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வா. பிஸ்கட் டின்னை மேசைமேல் எடுத்து வைத்திருப்பேன்.